கைப்பிடிகளுக்கு அரிப்பெடுத்த ஊர்

1974 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, குன்வோர் எக்பிளாடின் விரலிடுக்கில் முதல் கொப்புளம் எழுந்த அதே நேரத்தில், ஹோல்ம்போ ஊரின் இருநூற்றுப் பதினோரு கதவுக் கைப்பிடிகளுக்கு அரிப்பெடுத்தது. எல்லாமே தொழிற்சாலையில் ஒன்பது வருஷமாக அவள் பச்சை நிக்கல் கரைசலில் முக்கி எடுத்து முலாம் ஏற்றியவை. அவை நடுங்கின, கதவோடு உரசிக்கொண்டன. நகத்தால் சொறிந்துவிட்டால்தான் திரும்பின. நூலகக் கைப்பிடிக்கு அடிப்பக்கம், மீன்கடைக் கைப்பிடிக்கு நுனி என்று இடம் பார்த்துச் சொறிய ஜனங்கள் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார்கள்.

குன்வோருக்குத்தான் பழகவில்லை. மணிக்கட்டு வரை தோல் வெடித்து நீர் கசிந்தது. கையுறைக்குள்ளும் கரைசல் புகுந்தது. ஓரிடத்தில் உட்கார முடியாமல் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள், பனி உருகி ஓடிய ஆற்றில் கைகளை முக்கிக்கொண்டு நின்றாள், காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு மறுபடி நடந்தாள். தொழிற்சாலை மருத்துவர் ஃபால்க் அவள் கையைத் தொடாமலே பார்த்தார்.

"வீட்ல எந்த சோப்புல பாத்திரம் கழுவுறீங்க?"

"எங்க வீட்ல கழுவுறது என் புருஷன் எவர்ட். அவரு கை பூ மாதிரி இருக்கு, டாக்டர்."

"அப்போ நரம்புக் கோளாறு" என்று சொல்லி அதையே எழுதியும் வைத்தார். அந்தச் சீட்டோடு வேலை போனால் நோய்க்குத் தொழிற்சாலை பொறுப்பில்லை என்றாகிவிடும். எவர்ட் மட்டும், "நகரத்துல தோல் டாக்டர் இருக்காங்க, கிளம்பு" என்றான்.

நகரத்து மருத்துவர் ஒரு பெண். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் தடவிய பன்னிரண்டு துணுக்குகளைக் குன்வோரின் முதுகில் ஒட்டிவைத்தார். இரண்டாம் நாள் பிரித்துப் பார்த்தபோது பதினொரு துணுக்குகளின் கீழே ஒன்றுமில்லை. நிக்கல் உப்பு இருந்த இடம் மட்டும் கொப்பளித்துச் சிவந்திருந்தது. அன்று காலை ஹோல்ம்போவில் கைப்பிடிகள் துள்ளின. ஃபால்க் தன் அறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்.

"சொறிஞ்சு விடுங்க டாக்டர்!" என்று வெளியே காத்திருந்தவர்கள் கத்தினார்கள்.

"படிச்சவன் நான், கைப்பிடியைச் சொறிய மாட்டேன்!"

"அப்போ உள்ளேயே கிடங்க!"

மூன்று மணி நேரம் கழித்துச் சொறிந்தார். சொறியச் சொறிய அவர் விரலுக்கடியில் குன்வோர் முலாம் ஏற்றிய அந்தக் கைப்பிடி அடங்குவதும், மறுபடி பதறுவதுமாக இருந்தது. மேஜைக்குத் திரும்பி, பழைய சீட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு, "நிக்கல். வேலையால் வந்தது" என்று எழுதினார்.

நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை உடம்பில் ஏறினால் இறங்குவதில்லை. குன்வோர் நாற்றுப் பண்ணைக்கு வேலை மாறினாள். மறந்துபோய் நிக்கல் பூசிய கத்தரிக்கோலைத் தொட்ட நாட்களில் ஊர் கைப்பிடிகளைக் கொஞ்சம் கூடுதலாகச் சொறிந்தது.

நான்கு வருஷம் கழித்து ஜன்னல் கொக்கிகளுக்கு அரிப்பெடுத்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை, எட்டாத உயரத்துக் கொக்கிகளைச் சொறிய நாற்காலி போட்டுக்கொண்டார்கள். குன்வோர் மட்டும் கோட்டு மாட்டிக்கொண்டு, முலாம் பிரிவில் கொக்கிகள் முக்கும் இங்கெலாவின் வீட்டுக்கு வேகமாக நடந்தாள். கதவைத் திறந்த இங்கெலா கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"காட்டுடி" என்றாள் குன்வோர். "நகரத்துக்கு பஸ் பத்து மணிக்கு."