இம்மி பிசகாத விதைப்பு

புது விதைப்பு இயந்திரம் வந்ததிலிருந்து டிராக்டர்காரருக்குத் தலைகால் புரியவில்லை. சாணுக்கு ஒரு மக்காச்சோளம், இம்மி பிசகாது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார்.

அதில் ஒரு சென்சார் உண்டு. இயந்திரத்தைத் தரையிலிருந்து தூக்கினால் விதை விழுவதைத் தானே நிறுத்திவிடும். அன்று வயலில் வரிசை முடிந்து தூக்கித் திரும்பும்போதெல்லாம் அது கத்தியது.

"காது கிழியுது, சனியன்!" என்று அதன் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையை முடித்தார். பிறகு இயந்திரத்தை உயர்த்திவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். 'துல்லியம் நூறு' என்று வழிநெடுக டிராக்டரில் இருந்த அதன் திரை மின்னியது. அவரும் மீசையை முறுக்கியபடியே வந்தார்.

வாசலில் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். "கொஞ்சம் பின்னாடி திரும்பிப் பாருங்க."

தார் ரோட்டில் நான்கு வரிசையாக விதைகள் கிடந்தன. தெருக்கோழிகள் எல்லாம் வரிசை தப்பாமல் கொத்திக்கொண்டே பின்னால் வந்தன.

அவருக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. குனிந்து சாண் வைத்து அளந்தார்.

"பாத்தியா, இம்மி பிசகல!"

"இடைவெளி பிசகலைங்க," என்றாள். "இடம்தான் பிசகிடுச்சு."