புரட்டாத பக்கம்

தாட்சாயணிக்குத் தெலுங்கு படிக்க வராது. அதை யாரிடமும் சொல்லாமல் ஆறு வருடம் காத்து வந்தாள்.

நகரிக்குக் கிழக்கே ஏரியை ஒட்டி முப்பது வீடு கொண்ட சிற்றூர் அவளுடையது. கூலி வேலைக்காரர்கள் ஊர். அங்கிருந்து பள்ளிக்கூடம் போனவள் அவள் ஒருத்திதான்; தமிழில் ஐந்தாவது வரை. தெலுங்கு வாயில் தண்ணீராக வரும், எழுத்து மட்டும் வராது. ஐம்பத்தாறாம் வருடம், ஆந்திராவுக்கும் மதராசுக்கும் எல்லைத் தகராறு சூடாக இருந்த சமயத்தில், வெளியூர்க்காரர் இரண்டு பேர் தெலுங்கில் எழுதிய ஒரு காகிதத்தோடு வந்தார்கள். ஊர்ப் பெரியவர் கங்கையா அதை வாங்கி, மரத்தடியில் எல்லோர் முன்னாலும் அவளிடம் நீட்டினார்.

"நம்ம பொண்ணு இருக்கறா. படிச்சிச் சொல்லுவா."

அதற்குப் பிறகு வராது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. வரிவரியாகக் கண்ணை ஓட்டினாள், உதட்டை அசைத்தாள். வந்தவர்கள் பேச்சில் காதில் விழுந்ததை வைத்து, பள்ளிக்கூடமும் இன்னொரு கிணறும் கேட்டு எழுதியிருக்கிறது என்றாள். முப்பத்தெட்டுப் பேர் கைநாட்டு வைத்தார்கள்.

ஊர் ஆந்திராவிலேயே இருக்கச் சம்மதம் என்பதுதான் அதில் இருந்தது என்று பிறகு தெரிந்தது. அறுபதில் எல்லை பிரித்தபோது ஏரிக்கு அந்தப் பக்கம் மதராசுக்குப் போயிற்று, இந்தப் பக்கம் போகவில்லை. அந்தக் காகிதத்தாலா, ஜனக்கணக்கினாலா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மதராசோடு சேர ஆசைப்பட்ட ஊருக்கு ஏச ஒரு ஆள் வேண்டியிருந்தது. வாத்தியாரம்மா உத்தியோகத்துக்கு ஆசைப்பட்டு ஊரையே விற்றுவிட்டாள் என்று சொந்தச் சின்னம்மா செல்லியம்மாவே தெருவில் நின்று சொன்னாள். தாட்சாயணி மறுக்கவில்லை. விற்றவள் என்ற பேரைக்கூடத் தாங்கலாம், படிக்கத் தெரியாமல் படித்தவள் என்று சிரிப்பார்களே, அதைத் தாங்க முடியாது என்று அவளுக்குப் பட்டது. திருப்பதிக்கு வந்து, மலைக்குப் போகிறவர்கள் தங்கும் சத்திரம் ஒன்றில் பெருக்கித் துடைக்கும் வேலையில் சேர்ந்தாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலை வேளை, சத்தியவேடு பக்கத்துக் குடியானவர் வெங்கடசாமி தெலுங்கில் எழுதிய ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சத்திர முற்றத்தில் நின்றிருந்தார். சீட்டைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார். உதடு அசைந்தது. பெண்சாதி கமலம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தாள்.

"அடுத்த வாரம் வரச் சொல்லி எழுதிக்கிறான். ஊருக்குப் போய்க்கினு வரலாம், எழுந்திரு" என்றார் அவளிடம்.

தாட்சாயணி துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்த உதட்டசைப்பு அவளுடையது. இத்தனை நாளும் அதை ஒரு ஏமாற்றுக்காரியின் வேலை என்றே நினைத்து மனதுக்குள் தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டிருந்தாள். இப்போது எதிரில் பார்க்கும்போது ஏமாற்று தெரியவில்லை, பயம்தான் தெரிந்தது. பாவமாக இருந்தது.

"அண்ணா, எனக்கும் தெலுங்கு படிக்க வராது" என்றாள். முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னாள். "வாங்க, கணக்குப்பிள்ளைகிட்ட காட்டலாம்."

அவர் சண்டைக்கு வருவார் என்று நினைத்தாள். தலையைக் குனிந்துகொண்டு கூடவே நடந்தார். கணக்குப்பிள்ளை படித்தார்; சீட்டில் இருந்தது அன்றைய தேதி, பத்து மணிக்குள் வரவேண்டும் என்று. ஜட்கா பிடித்து இருவரையும் அனுப்பி வைத்துவிட்டு முற்றத்தைப் பெருக்கி முடித்தாள். முன்பின் தெரியாத அந்த மனுஷருக்காக இரங்கிய மனது, மரத்தடியில் காகிதத்தோடு நின்ற அந்தப் பெண்ணுக்காக ஒரு நாளாவது இரங்கியதில்லையே என்று நினைத்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, லீவு கேட்டு நகரிக்கு ரயிலேறினாள்.

ஊர்க் கிணற்றடியில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். விற்கவில்லை, படிக்கத் தெரியவில்லை, அதைச் சொல்ல வெட்கப்பட்டேன் என்றாள்.

செல்லியம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. "அப்போ இத்தினி நாளா உன்னை நான் ஏசினதுக்கு இன்னா அர்த்தம்?" என்று கோபமாகத்தான் கேட்டாள்.

கங்கையாவும் அங்கே இருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"அந்தக் காகிதத்துல பின்னாலயும் எழுதி இருந்தது" என்றார். "நீ புரட்டவே இல்ல. நான் பாத்தேன். உனக்கும் வராதுன்னா ஊர்ல வேற ஆளே இல்லியேன்னு வாய மூடிக்கினு இருந்துட்டேன். உன்னை ஏசும்போதும் மூடிக்கினுதான் இருந்தேன்."

அவளுக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. கிழவர் மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தார்.

"பரவால்ல பெரிப்பா," என்றாள். "பயந்துட்டோம், ரெண்டு பேரும்."

செல்லியம்மா குடத்தோடு விர்ரென்று வீட்டுக்குப் போனாள். இவள் மன்னிக்க மாட்டாள் என்று தாட்சாயணி நினைத்தபோது, புகை படிந்த காகிதம் ஒன்றோடு திரும்பி வந்தாள். தாலுகா ஆபீசிலிருந்து வந்த தெலுங்கு நோட்டீஸ். நாலு மாதமாகக் கூரையில் செருகிக் கிடந்ததாம்.

"இதுல இன்னா எழுதிக்குது?"

தாட்சாயணி வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள்.

"தெரியல சின்னம்மா. புத்தூர் போனா படிக்கிறவங்க இருப்பாங்க. கிளம்பு, நானும் வரேன்."