ஸகியாவுக்கு மட்டும் நீண்ட பாதை

காத்தான்குடியிலிருந்து ஏறாவூருக்குப் பேருந்தில் நாற்பது நிமிடம். நோன்புப் பெருநாள் கழிந்த முதல் வெள்ளியன்று ஸகியாவுக்கு மட்டும் இரண்டு மணித்தியாலம் பிடித்தது. அடுத்த வெள்ளி மூன்றரை. கூட ஏறிய சனமெல்லாம் நேரத்துக்கு ஏறாவூரில் இறங்கிப்போக, அவள் அதே பேருந்தில், அதே ஜன்னலோரம், இன்னும் கல்லடிப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தாள். நடத்துனர்கள் முதலில் வியந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். மாரி தொடங்கியபோது அவள் வியாழன் விடிகாலை சுபஹுக்கே சோற்றுப் பொதியோடும் தொழுகைப் பாயோடும் ஏறி, வெள்ளி மதியம் ஜும்ஆ கலைகிற நேரம் போய்ச் சேர்ந்தாள். திரும்பி வர எப்போதும் நாற்பது நிமிடம்தான்.

ஏறாவூரில் இருந்தது அவளுடைய புருஷன் கச்சி முகம்மது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான்; கலியாணம் முடித்த ஆண் பெண்சாதி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவரும் அப்படி வந்து நாற்பத்தொரு வருடம் இருந்தார். மறதி நோய் வருடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போய், கடைசியில் கலியாணத்தையும் கழற்றியது. ஒருநாள் காலை, “உம்மா தேடுவா” என்று சொல்லிவிட்டு, தங்கைக்குச் சீதனமாகப் போன தாய்வீட்டுக்குப் பேருந்து ஏறினார். உம்மா மவுத்தாகி முப்பது வருடம். ஸகியாவும் பின்னாலேயே போய் அங்கே தங்கப் பார்த்தாள். அந்நியப் பெண் இருக்கிற வீட்டில் படுப்பது சரியில்லை என்று மனுஷன் முற்றத்து மழையில் போய் உட்கார்ந்துகொண்டார். நல்ல ஒழுக்கம்தான், யாருக்கு வேண்டும்? அவள் அழுதுகொண்டே திரும்பினாள். அங்கே அவர் மறக்க மறக்க, இங்கே பாதை நீண்டது.

வெள்ளிதோறும் வந்துபோகும் இந்தப் பெண் யாரென்று அவரே ஒரு முடிவுக்கு வந்தார்: மாப்பிள்ளை கேட்டு வந்தவள். இந்த ஊர்களில் கேட்டு வருவது பெண்வீட்டார்தானே. எழுபது வயது மனிதர் திரைக்குப் பின்னால் போய் நின்று வெட்கப்பட்டார்.

“வீடு கட்டியாச்சா?” என்று அங்கிருந்தே கேட்டார்.

“ஓம். கிணறும் இரிக்கி,” என்றாள் ஸகியா.

“பொண்ணு எப்பிடி?”

“பாவம். தனியத்தான் இரிக்கா.”

திரை லேசாக விலகியது. “அப்ப வாறன்,” என்றார்.

ஸகியாவுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கை வெள்ளைச் சாரத்தை ஸ்திரிக்கை போட்டு உடுத்திவிட்டு அனுப்பினாள். பேருந்தில் அவர் ஸகியாவுக்குப் பக்கத்திலேயே, தோள் படாமல் ஒரு சாண் தள்ளி, தொப்பியோடு உட்கார்ந்து வந்தார். நாற்பது நிமிடத்தில் காத்தான்குடி வந்தது, அவருக்கு. சனத்தோடு சனமாக இறங்கிப் போனார். அவள் எழுந்து பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கல்லடிப் பாலமும் வாவியும்தான் தெரிந்தன. அவர் எந்த ஊரில் இருந்தாலும் பாதை அந்தப் பக்கம்தான் நீளும் என்பது அப்போதுதான் விளங்கியது. மறுபடி உட்கார்ந்தாள்.

ஊர்ச் சனம் அவரை ஸகியாவின் வீட்டில் கொண்டுவந்து விட, அடுத்த வளவில் குடியிருக்கும் மகள் நுஸ்ரா ஓடிவந்து, புது மாப்பிள்ளைக்குச் செய்வதுபோல வாசலில் கால் கழுவத் தண்ணீர் ஊற்றினாள். பாயில் உட்கார்ந்தவர், “பொண்ணு எங்க?” என்று மரியாதையாகக் கேட்டார்.

“வந்துக்கிட்டிரிக்கா,” என்றாள் நுஸ்ரா.

மாரி ஓய்ந்துவிட்டது. எல்லாவற்றையும் மறந்த மனிதர் பெண் வருவாள் என்பதை மட்டும் மறப்பதில்லை. பின்னேரம் அஸர் தொழுததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். ஏறாவூர் போய்வரும் சனம் பேருந்தின் ஜன்னலோரம் ஸகியாவைக் காண்கிறார்கள். அவர் சாப்பிட்டாரா என்று கேட்கிறாள். சாப்பிட்டார் என்று சொல்லிவிட்டு, தங்கள் இடம் வந்ததும் இறங்கிப் போகிறார்கள்.