குழந்தை அழாத நேரம்

அடுத்து வரப்போகும் ஸ்மார்ட் வாட்சில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கம்பெனி கேட்டபோது ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும் என்றார் ஒருவர். வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும் என்றிருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். மேனேஜர் லிஃப்டை விட்டு இறங்கும்போதே கையில் சுண்ட வேண்டும் என்று ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் ஒருவன் ஒரே வரி எழுதினான்: என் குழந்தை அழுதால் எனக்குத் தெரிய வேண்டும்.

பிறந்ததிலிருந்தே அவனுக்குக் காது கேட்காது. அதை நினைத்து அவன் வருத்தப்பட்ட நாட்கள் குறைவு. லென்ஸின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே இன்னும் எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவான். மெஷின் சரியாக ஓடுகிறதா என்பது அதன்மேல் சாய்ந்த முழங்கைக்குத் தெரியும். அவன் மனைவி அந்தக் கடைக்குக் கண்ணாடி வாங்க வந்தவள்தான். ஃப்ரேம் மூக்கில் அழுந்துகிறது என்று திரும்பத் திரும்ப வந்தாள். கடைசியில் பார்த்தால் ஃப்ரேமில் ஒரு கோளாறும் இல்லை. அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சைகை கற்றுக்கொண்டு வந்திருந்தாள்.

அவளுக்கு வேலை ஒரு சேவை மையத்தில், ஃபோனில் முகம் தெரியாதவர்களைச் சமாதானப்படுத்துவது. நாளெல்லாம் பேசித் தொண்டை வற்றி வருகிறவளுக்கு வீட்டில் கையால் பேசுவது பெரிய நிம்மதி. ஒருவரை ஒருவர் கூப்பிட வேண்டுமானால் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்கள், இல்லாவிட்டால் தரையில் காலால் தட்டுவார்கள். சண்டை வந்தால் மட்டும் அவள் கண்களை இறுக மூடிக்கொள்வாள். அதற்குப் பிறகு அவன் எத்தனை நியாயம் பேசினாலும் காற்றோடு போக வேண்டியதுதான். மாப்பிள்ளையைப் பற்றி யாராவது இழுத்துப் பேசினால் அவன் அத்தை, அதாவது அவள் அம்மா, காது கேட்கிற மாப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன சுகத்தைக் கண்டீர்கள் என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

குழந்தை பிறந்து, அத்தை சில வாரங்கள் இருந்துவிட்டு ஊருக்குப் போன பிறகுதான் அவன் தடுமாறினான். விடிய விடிய அழுகிற குழந்தையோடு அவள் ஒருத்தியே மல்லுக்கட்ட, அவன் பக்கத்திலேயே குத்துக்கல் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தான். வெட்கமாக இருந்தது. தொட்டிலிலிருந்து ஒரு நூலை இழுத்துத் தன் மணிக்கட்டில் கட்டிப் பார்த்தான். குழந்தை அசைந்தபோது நூல் அசையவில்லை. அவன் புரண்டு படுத்தபோது தொட்டில் குலுங்கி, தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டது. கத்தரிக்கோலை எடுத்து வந்து நூலை வெட்டியவள், இனி நீ தூங்குவதுதான் எனக்குச் செய்கிற உதவி என்று சொல்லிவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் கம்பெனியிலிருந்து சோதனை வாட்ச் வந்தது. இன்னும் கடைக்கு வராதது. வீட்டில் குழந்தை அழுதால் மணிக்கட்டில் அதிரும், மெல்ல அழுதால் மெல்ல, வீறிட்டால் பலமாக. அதிர்ந்து முடிந்ததும் திரையில் ‘குழந்தைதானா?’ என்று கேட்கும். கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான்கள். இல்லை என்று அழுத்த அழுத்த, எந்தச் சத்தத்தைக் கண்டுகொள்ளக் கூடாது என்று அது கற்றுக்கொள்ளும்.

முதல்முறை கையில் அது அதிர்ந்தபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. தன் பிள்ளையின் அழுகை தன் நரம்புக்குள் ஓடியது போல இருந்தது. அவளுக்கு முன்பாக ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நின்றான். கதவருகில் வந்து நின்ற அவள், சார் பெரிய ஆளாகிவிட்டார் என்று கிண்டல் செய்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்தாள். படுத்த வேகத்தில் தூங்கியும் போனாள்.

ஆனால் வாட்சுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கடைக்கு விடுமுறையான நாட்களில், பட்டப்பகலில், காரணமில்லாமல் அதிரும். அவன் போட்டதைப் போட்டபடி ஓடுவான். குழந்தை கன்னத்தில் கை வைத்து, ஊர்க் கவலையெல்லாம் தீர்ந்தது போலத் தூங்கிக்கொண்டிருக்கும். ‘இல்லை’யை அழுத்துவான். இன்னொரு நாளும் அப்படியே. அவளிடம் சொன்னபோது, புது மெஷின்தானே, போகப் போகக் கற்றுக்கொள்ளும் என்றாள். சொன்னபடியே கற்றுக்கொண்டது. அந்தப் பொய் அதிர்வு வரவரக் குறைந்து, எறும்பு ஊர்வது போல ஆகிவிட்டது. நல்ல மாணவன் என்று அவன் வாட்சைத் தட்டிக்கொடுத்தான்.

பிறகு ஒரு விடுமுறை நாள். குழந்தை அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மூச்சு அவன் கழுத்தில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தபோதே மணிக்கட்டில் எறும்பு ஊர்ந்தது. அவன் குழந்தையின் முதுகில் கை வைத்துப் பார்த்தான். சந்தேகமே இல்லை, ஆழ்ந்த தூக்கம். அப்படியானால் இந்த மடையன் எதைத்தான் கேட்கிறான்? வேடிக்கையாக இருந்தது. கையை முன்னால் நீட்டிக்கொண்டு, தொலைந்த சாவியைத் தேடுகிறவன் போல வீட்டுக்குள் நடந்தான். சமையலறையில் அதிர்வு தேய்ந்தது. ஜன்னல் பக்கம் நின்றுபோனது. குளியலறைப் பக்கம் திரும்பியதும் மறுபடி ஊர்ந்தது. கதவருகே போகப் போகக் கூடியது.

கதவில் உள்ளங்கையை வைத்தான். குழாய் திறந்திருந்தது, பலகையில் தண்ணீரின் நடுக்கம் தெரிந்தது. அதற்கும் அடியில், விட்டு விட்டு வரும் இன்னொரு நடுக்கம்.

திரை வழக்கம் போலக் கேட்டது: குழந்தைதானா? பழக்கதோஷத்தில் கட்டைவிரல் ‘இல்லை’க்குப் போய் அப்படியே நின்றது. இத்தனை நாளாக எதை இல்லை, இல்லை என்று சொல்லிக்கொடுத்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். கதவுக்கு எதிரில் அவன் நிற்பதைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தி என்ன என்று கேட்டாள். அவன் ஒன்றுமில்லை என்றான். அவள் கண்ணைக் காட்டி, சோப்பு போய்விட்டது என்றாள். இரண்டு பேரும் சிரித்துவைத்தார்கள்.

அதற்குப் பிறகு அவன் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. கேட்கத் தெரியாதவன் என்ன செய்வான், குழந்தையின் துணிகளை எல்லாம் தானே துவைத்தான், பாத்திரம் துலக்கினான், சுத்தமாக இருந்த அலமாரியைக் கலைத்து மறுபடி அடுக்கினான். அவள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஏதாவது தப்புத்தண்டா செய்துவிட்டாயா என்று கேட்டாள்.

சோதனை முடிந்து கம்பெனியில் கூப்பிட்டார்கள். சிறிய அறை, வட்ட மேஜை, கண்ணாடிச் சுவர். கேள்வி கேட்கும் பெண் அவன் வாட்சைக் கழற்றி வாங்கி, ஒரு வயரில் மாட்டி மேஜையில் வைத்தாள். அவன் நெஞ்சில் கட்டிய துணிப்பையில் குழந்தை தூங்கியது. நடுவில் உட்கார்ந்த மனைவி, அந்தப் பெண் பேசுவதைக் கையாலும் இவன் கையால் பேசுவதை வாயாலும் மாற்றிக்கொடுத்தாள். தொழில்முறைப் பொறுமையோடு சுருக்கமாகவும் சுத்தமாகவும் செய்தாள்.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்தாள் அந்தப் பெண். சத்தங்களை அவர்கள் சேமிப்பதில்லை, அவற்றின் வடிவத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறார்கள். சார் அழுத்திய ஒவ்வொரு ‘இல்லை’யும் பெரிய உதவி. தொந்தரவு கொடுத்த சத்தத்தைப் பிரித்துவிட்டார்கள். அது குழந்தையே இல்லை, ஒரு பெரியவரின் குரல்.

“டிவியா இருக்கலாம்னு நினைக்கிறோம் மேடம். அடுத்த மாடல்ல அந்தத் தப்பு சுத்தமா இருக்காது. சார் சரின்னு சொன்னா இன்னிக்கே அதை முடிவு பண்ணிடுவோம்.”

மனைவியின் கைகள் காற்றில் ஒரு நொடி நின்றன. பிறகு, டிவியாக இருக்கலாம் என்கிறார்கள், சரி செய்துவிடுவார்களாம் என்று அவனுக்குச் சொன்னாள். அவர்கள் வீட்டில் டிவி கிடையாது. அந்த ஒரு நொடியில், அவளுக்கு இது முன்பே தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் தொட்டிலுக்கு ஓடுவதையும் ‘இல்லை’யை அழுத்துவதையும் பார்த்துக்கொண்டே, இது எப்போது கற்றுக்கொண்டு தொலையும் என்று அவள் காத்திருந்திருக்கிறாள்.

அவன் நீளமாகப் பேசினான். அதைத் தப்பு என்று சொன்னது நான்தான், தெரியாமல் சொல்லிவிட்டேன், அது எனக்கு வேண்டிய சத்தம், தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள் என்றான். அவள் அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். உதடுகள் ஒரே ஒரு முறை அசைந்து மூடின. சரி என்பதற்கு மேல் அதில் எதுவும் அடங்கியிருக்க முடியாது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தாள்.

அவன் எழுந்து, அவள் எழுதப்போன காகிதத்தைக் கையால் மறைத்தான். ஐந்து நிமிடம் என்று விரலைக் காட்டிவிட்டு வெளியே போனான். அவள் பின்னாலேயே வந்தாள்.

லிஃப்ட் வந்த பிறகு யாரும் ஏறாத மாடிப்படி அது. சுவரில் பெயின்ட் வாசனை போகவில்லை. படியில் உட்கார்ந்ததும் அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். அவன் தொடவில்லை, தரையில் காலால் தட்டவில்லை. அவளே திறக்கட்டும் என்று எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை ஒருமுறை நெளிந்து அடங்கியது. அவள் கண்ணைத் திறந்தபோது அதில் கோபம் இருந்தது.

“நான் சொன்னதை மாத்திட்டே,” என்றான் அவன்.

“ஆமா, மாத்தினேன். முன்ன பின்ன தெரியாத ஆள் முன்னாடி, என் பொண்டாட்டி பாத்ரூம்ல அழறா, அதை வாட்ச்ல வைங்கன்னு நானே என் வாயால சொல்லணுமா?”

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அது அவனுக்குத் தோன்றவே இல்லை. பிறகு எதற்காக அழுகிறாய் என்று கேட்டான். தெரியாது என்றாள். குழந்தையைப் பிடிக்கவில்லையா? உயிர். நான் ஏதாவது? இல்லை. உடம்புக்கு? டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள், கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும், போகாவிட்டால் வரச் சொல்லியிருக்கிறார். சும்மா வருகிறது, அழுதால் போகிறது. மற்ற வீடுகளில் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழ வேண்டும், தனக்கு அந்தக் கஷ்டம் இல்லை, குரல் விட்டே அழலாம். அவனைக் கட்டிக்கொண்டதில் கிடைத்த ஒரே லாபம் அதுதான் என்றபோது கோபம் போய் அவள் உதட்டோரம் லேசாக வளைந்தது.

“அந்த லாபத்துலயும் இந்த வாட்ச் வந்து கை வைச்சுடுச்சு,” என்றாள்.

“நீ அழறது எனக்குத் தெரியலைன்னா, நான் அந்த வீட்ல இருந்து என்ன பிரயோஜனம்?”

“தெரிஞ்சா என்ன பண்ணுவே? குழந்தைன்னா தூக்கித் தோள்ல போட்டுக்குவே. என்னை?”

அவன் கைகள் எழுந்து, ஒன்றும் சொல்லாமல் இறங்கின. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையில் அவள் எத்தனையோ பேரைச் சமாதானப்படுத்தியவள், பதில் இல்லாமல் நிற்கிற ஒருவனை அவளுக்கு அடையாளம் தெரியும்.

“நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும்,” என்றாள். “தண்ணி கொண்டுவந்து நீட்டுவே. ஏன், என்ன, யாரு என்ன சொன்னாங்கன்னு துளைப்பே. அலமாரியைக் கலைச்சு அடுக்குவே. உன் முகத்தைப் பாத்து நான் உன்னைத் தேத்த வேண்டியதாயிடும். அதுக்குத்தான் உள்ள போய்த் தாழ் போட்டுக்கறேன்.”

“ஒண்ணும் பண்ணாம இருந்தா?”

“உன்னால முடியாது.”

“முடியும். ஒண்ணும் கேக்க மாட்டேன். பக்கத்துல சும்மா இருப்பேன். நீ உள்ள போக வேண்டாம், அவ்வளவுதான்.”

அவள் அவனை நம்பாத பார்வை பார்த்தாள். ஃப்ரேம் அழுந்துகிறது என்று கடைக்கு வந்த நாட்களில் அவன் அவளைப் பார்த்த அதே பார்வை. பிறகு தலையைக் குனிந்து படியின் விளிம்பை விரலால் தேய்த்தாள். அழுகை தொடங்கியதை முதலில் அவள் முதுகில் பார்த்தான். கீழுதடு பிதுங்கியது. குழந்தைக்கும் அழுமுன் அப்படித்தான் பிதுங்கும். அம்மா முகம் என்று எல்லோரும் சொல்வது எதை என்று இத்தனை நாள் அவனுக்குப் புரியாமல் இருந்தது. வாய் திறந்தது, தொண்டை நரம்பு புடைத்தது. குரல் விட்டே அழுதாள். மாடிப்படி முழுக்க அது எதிரொலித்திருக்க வேண்டும்.

அவன் கைகள் தாமாக எழுந்தன. ஏன், என்ன, அழாதே, நான் இருக்கிறேன், எல்லாம் விரல்நுனியில் வந்து முட்டின. பேசாமல் இருப்பதற்கு அவனுக்கு ஒரே வழிதான் இருந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் பாரத்தைப் போட்டு உட்கார்ந்தான். சிமெண்ட் குளிர்ந்தது, விரல்கள் மரத்தன. நெஞ்சில் குழந்தை, பக்கத்தில் அவள். மேலே கதவு திறந்து அந்தக் கேள்வி கேட்கும் பெண்ணின் முகம் தெரிந்தது. அவள் ஒருகணம் பார்த்துவிட்டு, கதவைச் சத்தம் வராதபடி சாத்தும் ஜாக்கிரதையோடு மூடினாள்.

அழுது முடித்து, துப்பட்டா முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள். அவன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“நடுவுல ஒரு கை வெளிய வந்துச்சு. பாத்தேன்.”

“மரத்துப்போச்சு. அதான்,” என்று அசடு வழிந்தான்.

அவள் அந்தக் கையை எடுத்து, ரத்தம் ஓடட்டும் என்று இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துவிட்டாள்.

உள்ளே போனபோது அந்தப் பெண் எதுவும் நடக்காதது போலக் காகிதங்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் உட்காராமலே சொன்னான். அந்தத் தப்பைச் சரி செய்துவிடுங்கள், குழந்தை அழுவதை மட்டும் சொன்னால் போதும். மனைவி அதை வாயால் சொன்னாள். இந்த முறை அவன் கைகள் பேசிய நேரமும் அவள் உதடுகள் பேசிய நேரமும் ஒன்றாக இருந்தன.

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். அடுத்த மாடலில் வேறு ஏதாவது எதிர்பார்க்கிறீர்களா சார் என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். பட்டை கொஞ்சம் மெல்லியதாக இருந்தால் நல்லது, தூக்கும்போது குழந்தையின் கன்னத்தில் அழுந்துகிறது என்றான்.