மன்னிக்கப்படாத கெமிஸ்ட்ரி டீச்சர்

சித்திக்கு யாரைப் பற்றியும் முதுகுக்குப் பின்னால் பேசுவது பிடிக்காது. கதாபாத்திரமாக இருந்தாலும் சரி. அதனால்தான் அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கூடும் வாசகர் வட்டத்துக்கு அப்படி ஒரு சட்டம். நாவலில் வரும் ஆள் மேல் என்ன குறை இருந்தாலும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும். நாவலிலிருந்து ஆள் இறங்கி வர வழியில்லை என்பதால், மாதம் ஒருவர் அந்த ஆளாக நாற்காலியில் உட்காருவார். மற்றவர்கள் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. பிறகு பதில் சொல்லலாம். கடைசியில் எல்லாரும் கை தூக்கினால் மன்னித்தாயிற்று என்று அர்த்தம், இறங்கிப் போகலாம். ஒரு கை குறைந்தாலும் இறங்க முடியாது.

போன மாதம் மூன்று மனைவிகளுக்கு விஷம் வைத்த ஒருவனை டீ வருவதற்குள் மன்னித்து அனுப்பிவிட்டார்கள். அவனுடைய பால்யம் அப்படியாம்.

அந்த நாற்காலி கண் பரிசோதனைக்கு உள்ளது. மிதித்தால் உயரும். எங்கோ எண்ணெய் கசிவதால் தானாகவே மெல்ல மெல்ல இறங்கியும் விடும். வட்டத்தில் சித்தியோடு சேர்த்து நான்கு பேர். சலூன்காரர், பல் டாக்டர், பஸ் டிரைவர். டிரைவரைத் தவிர மற்ற மூவருமே ஆளை நாற்காலியில் உட்காரவைத்துப் பிழைப்பவர்கள். அதில் யார் உட்கார்ந்தாலும் அவர்களுக்குக் கை சும்மா இருக்காது.

இந்த மாதம் ஆசிரியர்களைப் பற்றிய நாவல்கள். சித்தி தன் அக்கா மகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"வீட்டுலயே ஒரு டீச்சரை வச்சுக்கிட்டு வேற யாரை உட்கார வைக்கிறது?" என்றாள்.

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்புக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கிறவள். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவளுடைய குரல் முதல் பெஞ்சைத் தாண்டாது. நல்ல நாளில் இரண்டாவது பெஞ்சு வரை போகும். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் மியூட். அவள் போர்டு பக்கம் திரும்பினால் பின்னால் சந்தை நடக்கும். திரும்பி நின்றாலும் நடக்கும்.

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேறு வேலை கிடைத்திருந்தது. பாட்டில்கள் பேசாது, சிரிக்காது, பேர் வைக்காது. வருகிறாயா இல்லையா என்று இன்றைக்கு ஐந்து மணிக்கு அவர்கள் போன் செய்யும்போது சொல்ல வேண்டும். வருகிறேன் என்று சொல்லத்தான் நினைத்திருந்தாள். ஆனால் நினைக்கும்போதெல்லாம் எதையோ பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கியது போல இருந்தது.

"அஞ்சு மணிக்கு ஒரு போன் வரும் சித்தி."

"அஞ்சு மணிக்குள்ள உன்னை மன்னிச்சுடுவோம்டி. நீ என்ன, விஷமா வச்சே?" என்று சித்தி அவளை நாற்காலியில் ஏற்றினாள்.

சலூன்காரர் பழக்க தோஷத்தில் நாலு மிதி மிதித்தார். அவள் கூரையை நோக்கி உயர்ந்தாள். எதிர்ச் சுவரில் கண் பரிசோதனை அட்டையின் எழுத்துகள் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கிக்கொண்டிருந்தன. பல் டாக்டர் எழுந்து வந்து அவள் தலையைச் சற்றே பின்னால் சாய்த்துவிட்டுக் கடைசி நாற்காலிக்குப் போய்விட்டார்.

சிக்கல் அப்போதுதான் தெரிந்தது. வழக்கமாக எல்லாரும் ஒரே நாவலைப் படிப்பார்கள். இந்த முறை ஆளுக்கு ஒன்று படித்திருந்தார்கள். நான்கு ஆசிரியர்கள், ஒரு நாற்காலி.

"அதனால என்ன, எல்லாத்தையும் இவ மேலயே சொல்லுங்க. தாங்குவா" என்றாள் சித்தி.

சலூன்காரர் தொடங்கினார். "டீச்சர், நீங்க போர்டைத் தலைமேல வச்சுக்கிட்டு ஆத்துல நீந்தி பள்ளிக்கூடத்துக்குப் போனீங்க. சரி. கடைசி அத்தியாயத்துல காய்ச்சல்ல செத்தும் போயிட்டீங்க. போர்டை அந்தக் கரையிலேயே வச்சுட்டு வந்திருந்தா தினமும் தூக்க வேண்டாம்ல? முந்நூறு பக்கத்துல ஒரு நாள்கூட அது தோணலையா?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வாய் திறக்கக் கூடாது என்பதால் தலையை மட்டும் குனிந்துகொண்டாள்.

"என் டீச்சர் ரவுடிப் பசங்க வகுப்புக்குப் போறார்" என்றார் டிரைவர். "ஒரே ஒரு பேச்சு. அரைப் பக்கம். அத்தனை பேரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் படிக்க ஆரம்பிச்சுட்டான். ஏன் டீச்சர், என் பஸ்ஸுல 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு வருஷக்கணக்கா சொல்றேன். ஒரு ஆளு நகரல. நீங்க மட்டும் எப்படி?"

அவள் அந்த அரைப் பக்கத்தைப் படிக்க என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

"நீ பக்கத்து வகுப்பு சாரை விரும்பினே" என்று சித்தி விரலை நீட்டினாள். "சொல்லவே இல்ல. நானூறு பக்கமும் செடிக்குத் தண்ணி ஊத்தினே. அந்தச் செடியே அழுகிப் போயிருக்கும்டி."

"அவங்க சொல்லாட்டி என்னங்க, அவருக்கு எங்க போச்சு புத்தி?" என்றார் சலூன்காரர்.

"யோவ், அவரு ஏற்கெனவே கல்யாணம் ஆனவரு" என்றார் டிரைவர்.

"நீ அந்தப் புக்கைப் படிச்சியா?"

"அட்டையில படம் போட்டிருக்குய்யா. மீசையைப் பாத்தாலே தெரியுது."

அதுவரை நாவலாகத்தான் இருந்தது. கூரையை விட்டு அவள் இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, சலூன்காரர் மறுபடியும் மிதிக்க வந்தார். மிதித்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"அதை விடுங்க. அஞ்சாம் வகுப்புல கத்தரிக்கோலை எடுத்து என் முடியை நட்ட நடுவுல ஓட்டினீங்களே, அது என்ன கணக்கு?"

அவள் சித்தியைப் பார்த்தாள். சித்தி உதட்டில் விரல் வைத்தாள்.

"ஊரே சிரிச்சுது. ஒரு மாசம் துண்டு கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். வெட்டுறதுன்னா ஒழுங்கா வெட்ட வேண்டாமா? ரெண்டு பக்கமும் சமமா இல்ல டீச்சர்!"

அவருக்குக் கோபம் வெட்டியதில் அல்ல, வெட்டிய விதத்தில் என்று தெரிந்தது. டிரைவருக்கு வேறு கதை. அவருடைய பழைய டீச்சர் இன்றும் அவர் பஸ்ஸில்தான் ஏறுகிறாராம். டீச்சருக்கு இவரை அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் இறங்கும்போதெல்லாம், "திருப்பத்துல அவசரம் கூடாதுப்பா, கவனம் பத்தாது" என்று சொல்லிவிட்டுப் போகிறாராம். "அதே வார்த்தை டீச்சர். மார்க் ஷீட்டுல எழுதின அதே வார்த்தை." சித்தியை டாக்டராவாய் என்று ஒரு டீச்சர் ஏழெட்டுப் பேருக்கு முன்னால் சொல்லியிருந்தாள். அந்தத் தெருவில் வருகிறவர்கள் இன்றும் கடையை எட்டிப் பார்த்து, டாக்டராகவில்லையா என்று கேட்கிறார்களாம்.

தான் பிறப்பதற்கு முன்னால் செய்த குற்றங்களை எல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் தன் முறை வேண்டாம் என்று கையசைக்க, அவள் பேச முறை வந்தது. வேறு எதுவும் தோன்றாமல், "மன்னிச்சுடுங்க" என்றாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் டிரைவர்.

"மன்னிச்சுடுங்கன்னு சொல்றா" என்று சித்தி மொழிபெயர்த்தாள்.

இவ்வளவு காலமாக யாரும் கேட்காத மன்னிப்பு போலிருக்கிறது. சலூன்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கை தூக்கினார். டிரைவர் தூக்கினார். சித்தியும் தூக்கினாள். மணி ஐந்தாகக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அவள் ஒரு காலைத் தரையை நோக்கி நீட்டினாள்.

பல் டாக்டரின் கை மடியிலேயே கிடந்தது.

"டாக்டர், உங்க கை" என்றாள் சித்தி.

"என்னால முடியாதும்மா. மன்னிக்க ஒண்ணும் இல்ல."

"அப்ப தூக்கிட வேண்டியதுதானே?"

"ஒண்ணும் இல்லாததை எப்படி மன்னிக்கிறது?" டாக்டர் நிதானமாகப் பேசினார். "என்னை யாரும் அடிக்கல. திட்டல. முடி வெட்டல. கெமிஸ்ட்ரி டீச்சர் ஒருத்தங்க. நான் கடைசி பெஞ்சு. ரெண்டு வருஷம் அவங்க வாய் அசைஞ்சதைப் பாத்தேன். சத்தம் வரல. கீழ் வரிசையில ஒரு பல்லு மட்டும் கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கும். எனக்குத் தெரிஞ்ச கெமிஸ்ட்ரி அவ்வளவுதான். அதைப் பாத்துப் பாத்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்."

நீட்டிய காலை அவள் உள்ளே இழுத்துக்கொண்டாள். அவளுடைய வகுப்பில் கடைசி பெஞ்சு இருக்கிறது. அங்கே நான்கு பேர் உட்காருகிறார்கள். அவர்களும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களா? பார்க்கக்கூட இல்லை என்றல்லவா இதுவரை நினைத்திருந்தாள்.

"இப்ப என்னதான் பண்ணணுங்கறீங்க?" என்றாள் சித்தி.

"அந்த ரெண்டு வருஷமும் என்ன சொன்னீங்க டீச்சர்? அதை மட்டும் சொல்லுங்க. கேட்டுட்டுக் கை தூக்கறேன்."

"ரெண்டு வருஷப் பாடத்தையா?" என்று டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

சட்டம் சட்டம்தான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, அணு என்பது என்று ஆரம்பித்தாள்.

"கேக்கல" என்றார் டாக்டர்.

"அணு என்பது..."

"வாய் அசையுது. நல்ல பல்வரிசை. கேக்கல."

"டாக்டர், கொஞ்சம் முன்னால வந்து உக்காருங்களேன்" என்றார் சலூன்காரர்.

"அப்ப நான் கடைசி பெஞ்சு இல்லையே."

அவளுக்குத் திடீரென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்தப் பழைய டீச்சர் மேலாக இருக்கலாம். "தண்ணி!" என்று கத்தினாள். பின்னறைக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பிரேம்கள் குலுங்கின. "தண்ணியில ஆக்ஸிஜன் ஒண்ணு, ஹைட்ரஜன் ரெண்டு! ஆக்ஸிஜனுக்கு ரெண்டு கை, ஹைட்ரஜனுக்கு ஒரு கை! சித்தி, நீ ஆக்ஸிஜன், எழுந்திரு! நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்க!"

சித்தி எழுந்துவிட்டாள். டிரைவர் அவள் இடது கையைப் பிடித்தார். சலூன்காரர் வலது கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை என்ன செய்வதென்று கேட்டார்.

"உங்களுக்கு இன்னொரு கை கிடையாது! பாக்கெட்டுல போடுங்க!"

போட்டார். டிரைவரும் போட்டார். டாக்டர் முதன்முறையாக முன்னால் சாய்ந்தார்.

போன் அடித்தது. நாற்காலி அதற்குள் பாதி இறங்கியிருந்தது. அவள் எடுத்து, "ஹலோ, யாரு?" என்று அதே குரலில் கேட்டாள்.

"பரிசோதனைக் கூடத்துல இருந்து பேசறேம்மா. காது அடைக்குது. அஞ்சு மணிக்குச் சொல்றேன்னீங்களே, வர்றீங்களா?"

"வர முடியாது சார். என்னை இன்னும் மன்னிக்கல."

"யாரு?"

"ஒரு பல் டாக்டர். ரெண்டு வருஷப் பாடம் பாக்கி இருக்கு. அது போக ஒன்பதாம் வகுப்பு தனியா இருக்கு. வேற ஆளைப் பாத்துக்குங்க."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னதே அவளுக்கு எட்டியது. ஆனாலும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

"கெமிஸ்ட்ரி டீச்சரா நீங்க?" என்றார் போனில் இருந்தவர். குரல் மாறியிருந்தது. "எனக்கும் ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் இருந்தாங்க. சோதனைக் குழாயை உடைச்சது நான் இல்லம்மா. பக்கத்துப் பையன். நாள் பூரா என்னை வெளியில நிக்க வச்சாங்க."

அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு சித்தியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"ஸ்பீக்கர்ல போடு. அவரும் வாசகர்தான்" என்றாள் சித்தி, இரண்டு பக்கமும் கைகள் பிடிபட்ட நிலையிலேயே.

"அவரு என்ன நாவல் படிச்சாரு?" என்று டிரைவர் ஆட்சேபித்தார்.

"வரிசையில இருங்க சார்" என்று அவள் போனிடம் சொன்னாள். "முதல்ல டாக்டர்."

அப்போது கடைசி நாற்காலியில் டாக்டரின் கை உயர்ந்தது. சித்தி, "அப்பாடா, மன்னிச்சாச்சு!" என்றாள். சலூன்காரர் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துத் தட்டப் போனார்.

"இல்ல இல்ல" என்றார் டாக்டர். "ஒரு சந்தேகம். இவங்க கையை விட்டுட்டா என்ன ஆகும்?"

அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எந்த வகுப்பிலும் ஒருவரும் சந்தேகம் கேட்டதில்லை. நாற்காலி தரை தட்டியிருந்தது. சலூன்காரரை ஒரு மிதி மிதிக்கச் சொல்லிவிட்டு, அவள் பதில் சொல்லத் தொடங்கினாள்.