இரண்டாவது புகைபோக்கி

தம்பி ஒகுஸ்தை அடக்கம் செய்த மறுநாளே செலஸ்தேன் கோடாரியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனார். ஊர் வாயைப் பிளந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, போகட்டும். ஒரு நாளாவது வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாதா? அடக்கம் முடிந்த இரவு உட்கார்ந்துதான் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

அந்த ஊரில் காடு எல்லோருக்கும் பொது. இலை உதிரும் காலத்தில் தொப்பிக்குள் சீட்டுப் போட்டு, ஒரு கணப்புக்கு ஒரு பங்கு என்று ஓக் மரங்களைப் பிரித்துக்கொள்வார்கள். ஆளுக்கு அல்ல, கூரைக்கு அல்ல, தீ எரியும் இடத்துக்குத்தான் பங்கு. தளிர் விடுவதற்குள் வெட்டாத மரம் ஊருக்கே திரும்பிவிடும். தீ அணைந்துபோனால் அந்தக் கணப்புக்காரன் பெயரையே பங்குப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள்.

அண்ணனும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு இரண்டு பங்கு வாங்கினார்கள். யாரைக் கேட்டுக் காளையை விற்றாய் என்று என்றோ ஆரம்பித்த சண்டை. நடுக்கதவைச் செங்கல் வைத்து அடைத்து, ஒகுஸ்த் தன் பக்கம் தனி அடுப்பு வைத்துக்கொண்டார். கல்யாணம் ஆகாத இரண்டு கிழவர்கள். வீம்புக்கு மட்டும் குறைச்சலில்லை. பேச்சு அன்றோடு நின்றது. இந்தக் குளிர்காலத்தில் ஒரு காலை, அந்தப் பக்கத்துப் புகைபோக்கியில் புகை வராததைப் பார்த்துத்தான் செலஸ்தேனுக்குத் தம்பி இறந்ததே தெரிந்தது.

ஓக் பிடிவாதக்கார மரம். உறைபனியில்தான் வழிக்கு வரும். குளிரில் இறுகிய துண்டில் சரியாக இறக்கினால் பட்டென்று இரண்டாகப் போகும்; கணு இருந்தால் கோடாரியைக் கவ்விக்கொண்டு விடாது. அப்படிச் சிக்கினால் செலஸ்தேன் வாயிலிருந்து வருகிற வசவில் பாதிரியாரே காதைப் பொத்திக்கொள்வார். இந்த ஆண்டு சிக்கினாலும் அவர் பேசாமல் ஆப்பு அடித்து எடுத்தார். உள்ளங்கை வெடித்து, பிடியெல்லாம் ரத்தமாக இருந்ததை மாலையில்தான் பார்த்தார்.

காலையில் வேலைக்குப் போகும் முன் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்த் தம்பியின் அடுப்பைப் பற்றவைப்பார். ஊருக்கு இது கண்ணில் படாமல் போகுமா?

"ஒத்த ஆளு, ரெண்டு புகை," என்றாள் ஒயின் கடைக்காரி ஜெர்மேன். "செத்தவனுக்குக் குளிருதாமா?"

கடையே சிரித்தது. தம்பி பங்கையும் அமுக்கப் பார்க்கிறான் என்பது அவர்கள் கணக்கு. செலஸ்தேன் மறுக்கவில்லை. அப்படியும் இருக்கலாம் என்றே அவருக்கும் பட்டது.

பனி உருகத் தொடங்கியபோது காட்டுக் காவலர் பர்னபே வந்தார். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது என்றுதான் வந்தார். வந்தவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"டேய், நீ வெட்டினது பூரா ஒகுஸ்த் பங்குடா."

"தெரியும்."

"உன் பங்குல ஒரு மரத்துலகூடக் கோடாரி படல."

"நேரமில்ல."

"ரெண்டையும் சுருட்டப் பாக்குறவன் இப்படியா பண்ணுவான்?" பர்னபே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஒரு ஆளுக்கு ரெண்டு கணப்பு கிடையாது. ஞாயித்துக்கிழமை அவன் பேர அடிச்சாகணும். வெட்டினத ஊருக்கு விட்டுட்டு உன் மரத்தப் போய்ப் பாரு. தளிருக்கு முன்னாடி நீ முடிக்க மாட்ட, ஆனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

செலஸ்தேன் ஒரு துண்டை நிறுத்தி வைத்தார். அடிக்கவில்லை.

"என் பேர அடி."

"என்னது?"

"என் அடுப்ப அணைச்சிடுறேன். அவன் பக்கம் குடி போயிடுறேன். அவன் கணப்பு இருக்கட்டும்."

"செத்தவன் பேர வச்சுக்கிட்டு, உசுரோட நிக்கிறவன் பேர அடிக்கிறதா? ஊர் சிரிக்கும்டா."

"சிரிச்சிட்டுப் போகட்டும்."

"இத்தன வருஷம் அவன் மூஞ்சியில முழிக்கல. இப்ப அங்க என்னடா இருக்கு உனக்கு?"

செலஸ்தேன் கோடாரியைக் கீழே வைத்துவிட்டு, நிறுத்தி வைத்த துண்டின் மேலேயே உட்கார்ந்தார்.

"காலையில பத்தவைக்கப் போறேன்ல. தீ பிடிக்கிற வரைக்கும் அவன் நாற்காலியில உக்காருவேன். அங்க உக்காந்தாதான் கொஞ்சம் வலிக்குது. என் அடுப்புப் பக்கம் உக்காந்தா ஒரு வலியும் தெரியல, பர்னபே."

பர்னபே தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை உன் பேரையே அடிச்சிடுறேன்," என்றார்.