சிவப்பு மூடி

மாரத்தான் ஓட்டத்தில் வழியோர மேசையில் அடுத்தவர் வைத்திருப்பதைத் தொடமாட்டேன் என்பது அவள் சபதம். ஒருமுறை வழியில் கொடுத்த ஏதோ மஞ்சள் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, வயிறு கலக்கி, மீதி ஓட்டத்தைக் கழிப்பறை வாசலிலேயே கழித்தவள். சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகுமா? அன்றிலிருந்து இடுப்பில் ஒரு பட்டை. அதில் நான்கு குட்டிப் பாட்டில்கள். உள்ளே அவளே காய்ச்சிய சர்க்கரைப் பாகு, உப்பும் எலுமிச்சையும் சேர்த்து. கூட ஓடுகிறவர்கள் அவளுக்கு 'எறும்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். தன் தீனியைத் தானே சுமக்கிறவளாம். கேலிதான், ஆனாலும் அதைக் கேட்டால் அவளுக்கு உடம்பு ஒரு சுற்று பெருத்துவிடும்.

பிழைப்பு பல் செட் செய்யும் பட்டறையில். மாவுக்கும் தண்ணீருக்கும் கிராம் கணக்கில் அளவு பார்த்து வார்க்கிற கை. அளவில் தன்னை யாராலும் குறை சொல்ல முடியாது என்று அவளுக்கு ஒரு திமிர் உண்டு. கணவர் பூட்டு ரிப்பேர் செய்பவர், வேளாவேளைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். அதனால் சமையலறையில் ஒரே மாதிரி இரண்டு டப்பாக்கள். நீல மூடி போட்டதில் நிஜச் சர்க்கரை. சிவப்பு மூடி போட்டதில் அவர் டீக்கான போலிச் சர்க்கரை. பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். நாக்கில் வைத்தாலும் இனிக்கும். உடம்புக்குள் போனால்தான் வேஷம் கலையும், சிவப்பு மூடிச் சரக்கில் ஒரு துளி தெம்பு கிடையாது.

அவருக்கு எப்போதாவது சர்க்கரை சட்டென்று இறங்கும். அப்போது குடிப்பதற்காக அதே பாகில் ஒரு பாட்டிலை அவர் சட்டைப்பையிலும் போட்டுவிடுவாள். ஒரே பாத்திரத்தில் காய்ச்சியதுதான்.

"உனக்கு அது பெட்ரோல். எனக்கு உயிரு" என்று சிரிப்பார் அவர்.

அன்றைய ஓட்டத்தில் பாதி தாண்டியதும் கால் இரண்டும் கழன்றுகொண்ட மாதிரி ஆகிவிட்டது. முதலில் வெயில் என்று நினைத்தாள். இரண்டாவது பாட்டிலைக் காலி செய்தாள். கொஞ்ச தூரத்தில் மூன்றாவதையும். இனிப்பு தொண்டையில் இறங்கியது, அதோடு சரி. ஓட்டைக் குடத்தில் ஊற்றிய கதைதான். கண்ணை இருட்டியது. எத்தனை ஓட்டம் ஓடியிருக்கிறாள், ஒருநாளும் இப்படி ஆனதில்லை.

தண்ணீர் கொடுக்கும் பந்தல் வந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்காவது பாட்டிலை எடுத்துக் குலுக்கினாள். அடியில் மணல் மாதிரி ஏதோ உருண்டது. அவள் பாகு ஒருநாளும் இப்படிக் கல்லாக உறைந்ததில்லை. ஒரு மணியை எடுத்து நாக்கில் வைத்தாள். இனிப்போடு ஒரு குளிர்ச்சி. காலையிலிருந்தே அந்தக் குளிர்ச்சி இருந்தது, ஃபிரிட்ஜில் வைத்ததால் என்று விட்டுவிட்டாள்.

பந்தலில் பழம் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா தட்டைத் தட்டித் தட்டி வைதுகொண்டிருந்தாள்.

"சனியன் பிடிச்ச எறும்பு! இனிப்பு இருக்குற இடம் இதுக்கு மட்டும் எப்படித்தான் தெரியுமோ!"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

காலையில் டீ போடும்போது சிவப்பு மூடி டப்பாவைச் சுற்றி எறும்பு சாரி சாரியாக ஏறிக்கொண்டிருந்தது. துணியால் துடைத்துவிட்டு, அதிலிருந்துதான் அவருக்கு இரண்டு கரண்டி போட்டாள். போலிச் சர்க்கரைக்கு அவள் வீட்டு எறும்பு இதுவரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

நேற்று இரண்டு டப்பாவையும் துடைத்து வைத்தவள் அவள்தான். மூடியை மாற்றிப் போட்டவளும் அவள்தான். நீல மூடியை நம்பிப் பாகு காய்ச்சியவளும் அவளேதான். நாக்கில் பட்ட அந்தக் குளிர்ச்சி போலிச் சர்க்கரையின் குளிர்ச்சி. கிராம் கணக்குப் பார்க்கிற கை!

அதோடு முடியவில்லை. காலையில் அந்த டீயைக் குடித்த பிறகு அவர் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, இவ்வளவு ஏறிக் கிடக்கு?" என்றார். "ராத்திரி எதையாவது திருடித் தின்னிருப்பீங்க" என்று இவள்தான் கிண்டலடித்தாள். அவர் ஊசியில் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொண்டார். நேரமாகிவிட்டதென்று இவள் போட்ட கூச்சலில் ரொட்டியைக் கூட முழுசாகத் தின்னாமல் எழுந்துவந்தார். இப்போது பாலத்துக்கிட்டே சைக்கிளோடு நிற்கிறார், அவளுக்குக் கையாட்ட. கூட்டிப் போட்ட ஊசி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். சட்டைப்பையில் இருப்பதும் அதே போலிப் பாகு, வெறும் காற்று.

"அக்கா, ஃபோன்! ஃபோன் குடுங்க!"

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

"பாலத்துக்கிட்ட என் வீட்டுக்காரர் இருக்காரு, அவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கும், ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க" என்றாள். குரல் அவள் குரலாகவே இல்லை.

"ரோட்டை அடைச்சிருக்காங்களேம்மா, சுத்திக்கிட்டுத்தான் வரணும். நான் சொல்றேன். நீ உக்காரு, விழுந்துடுவே!"

உட்காரவில்லை. இடுப்புப் பட்டையைக் கழற்றி வீசினாள். தொடமாட்டேன் என்ற மேசையிலிருந்து ஒரு கலர் சோடா பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். காலில் ஒன்றுமே மிச்சமில்லை, அது நிச்சயம். எப்படி ஓடினாள் என்று இன்றுவரை அவளுக்கே விளங்கவில்லை. பாட்டில் குலுங்கிக் குலுங்கி நுரைத்தது. "பார்த்து, எறும்பு!" என்று பின்னால் யாரோ கத்தியது பாதிதான் காதில் விழுந்தது.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பழக்கடை. அதன் வாசல் படியில் சைக்கிள் சாய்ந்து கிடக்க, அவர் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் வெளுத்து, உதடு எதையோ முணுமுணுத்தது. கையில் குட்டிப் பாட்டில். காலி. பக்கத்தில் ஃபோன் அடித்து ஓய்ந்து கிடந்தது.

"என்னங்க! இங்க பாருங்க! என்னைப் பாருங்க!"

பார்த்தார். யாரோ வழிப்போக்கரைப் பார்ப்பது போல.  அவள் அவர் வாயில் பாட்டிலை வைத்தாள். நல்ல வேளை, விழுங்கினார். பாதி சட்டையில் வழிந்தது, பாதி உள்ளே போனது. இன்னொரு மடக்கு. இன்னொன்று. அவர் பிடரியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி தெரியாத சாமியெல்லாம் கூப்பிட்டாள்.

மெல்ல மெல்ல அந்தக் கண்ணில் ஆள் வந்தது.

"நீ என்ன இங்க நிக்கிறே? ஓடலை?" என்றார்.

அவள் அப்படியே தரையில் சரிந்தாள். ஓட்டக்காரர்கள் இருவரையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். கடைக்காரம்மா ஒரு டம்ளர் பழச்சாறோடு வந்து நின்றாள், கோபமாக.

"நீதான் சம்சாரமா? அப்பவே இதைக் கொண்டாந்து நீட்டினேன். தலையைத் தலையை ஆட்டுறாரு. வேண்டவே வேண்டாமாம். குடிச்சிட்டாராம்."

"ஆமா, குடிச்சிருந்தேனே" என்றார் அவர், இன்னும் நாக்குக் குழற. "நீ காய்ச்சினதாச்சே. அளவு தப்பாது. கொஞ்சம் லேட்டா வேலை செய்யும்னு காத்துக்கிட்டிருந்தேன்."

  அவர் கையிலிருந்த காலிப் பாட்டிலை அவள் பிடுங்க வேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தார். தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

கடைக்காரம்மா அவளை உற்றுப் பார்த்தாள். "உனக்கும் முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கேம்மா. நீயாவது இதைக் குடி."

யார் பிழிந்தது, எதில் பிழிந்தது, எவ்வளவு சர்க்கரை என்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள்.